பருத்தி விதையும் உழவர் உள்ளமும்

உணவுக்கு அடுத்தபடியாக மக்கள் நாடுவது உடை. நம் நாட்டினர் பன்னெடுங்காலமாகப் பருத்தியை விளைத்து, நூற்று, நெய்து உடுத்து வருகின்றனர். நூல் நூற்ற மகளிரைப் பருத்தியின் பெயரோடு சேர்த்தே சங்கச் செய்யுட்கள் வழங்குகின்றன. இத்துணைப் பழைமை வாய்ந்த பயிருக்கு அத்துணைப் பழைமை வாய்ந்த பகையும் உண்டு. பருத்திக் காயைத் துளைத்து உள்ளிருக்கும் பஞ்சையும் விதையையும் கெடுக்கும் காய்ப்புழுவே அப்பகை. அப்பகையை வெல்ல அறிஞர் விதையைத் திருத்தினர். திருத்திய விதையை உழவர் எவ்வாறு ஏற்றனர், எவ்வாறு பயிரிட்டனர், புழு அதற்கு என்ன மறுமொழி கூறிற்று என்பனவற்றை இனிக் காண்போம்.

2001 ஆம் ஆண்டு குசராத்து மாநிலத்தில் காய்ப்புழுவின் தாக்குதல் மிகக் கடுமையாக இருந்தது. மருந்து தெளித்துத் தெளித்து உழவர் கை சோர்ந்தனர், புழுவோ சோரவில்லை. ஊர் ஊராகப் பருத்திக் காய்கள் சொத்தையாகி உதிர்ந்தன. ஆயினும் சில வயல்களில் மட்டும் செடிகள் காய் நிறைந்து செழித்து நின்றன. அவ்வயல்களில் விதைக்கப்பட்டது 'நவபாரத் 151' என்னும் கலப்பின விதை. அதனை வாங்கிய உழவர், நல்ல விதையொன்று கிடைத்தது என்று மகிழ்ந்தனரேயன்றி, அதனுள் புதுமை ஒன்று பொதிந்திருப்பதை அறிந்திலர். ஆராய்ந்து பார்த்தபொழுது, அரசு இன்னும் ஒப்புதல் வழங்காத மரபணு ஒன்று அவ்விதையில் இருந்தது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் அப்பயிர் நின்றது. செடிகளைப் பிடுங்கி எரிக்குமாறு நடுவணரசின் குழு ஆணையிட்டது. உழவர் இணங்கவில்லை. சுற்றிலும் பயிர் பாழாகிக் கிடக்க, நன்றாக விளைந்த ஒன்றை எரிக்கச் சொல்வது என்ன முறை என்று கேட்டனர். பருத்தியோ அதற்குள் பறிக்கப்பட்டு விற்பனைக்குச் சென்று கொண்டிருந்தது. ஆணை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

அவ்விதையில் இருந்த புதுமை யாது? மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. 1901 ஆம் ஆண்டு சப்பான் நாட்டில், பட்டுப்புழுக்கள் திடீரென மடிவதற்குக் காரணம் தேடிய இசிவாட்டா என்பார் அதனைக் கண்டார். பத்தாண்டுகளுக்குப் பின்னர்ச் செருமனியில் மாவுப் பூச்சியின் புழுவினிடத்து அதே நுண்ணுயிரைக் கண்ட பெர்லினர் என்பார், துரிஞ்சியா என்னும் தம் நாட்டுப் பகுதியின் பெயரால் அதற்குப் 'பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்று பெயரிட்டார். அதன் சுருக்கமே 'பி.டி.' என்பது. இந்நுண்ணுயிர் ஒரு வகைப் புரதத்தை உண்டாக்குகிறது. புழுவின் குடலில் காரத்தன்மை மிகுதி. அக்காரத்தில் அப்புரதம் கரைந்து, குடற்சுவரைப் பற்றித் துளைக்கிறது. புழு உணவு கொள்ளாது சில நாளில் மடிகிறது. மாந்தர் வயிற்றில் உள்ளது அமிலம். மேலும் அப்புரதம் பற்றுவதற்குரிய இடம் நம் குடலில் இல்லை. ஆதலின் புழுவுக்கு நஞ்சாவது நமக்கு நஞ்சாவதில்லை. இப்புரதத்தை ஆக்கும் மரபணுவைப் பருத்திச் செடியில் சேர்த்துவிட்டால், செடி தானே தன் இலையிலும் காயிலும் மருந்தை ஆக்கிக் கொள்ளும். மேலிருந்து தெளிக்கும் மருந்து காயினுள்ளே சென்ற புழுவை எட்டாது. இதுவோ அப்புழு கடிக்கும் ஒவ்வொரு வாயிலும் இருக்கும். 1996 ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டிலும், மறு ஆண்டு சீனத்திலும் இத்தகைய பருத்தி பயிராயிற்று.

இந்தியாவில் 2002 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அரசு முதன்முதல் மூன்று பி.டி. கலப்பினங்களுக்கு ஒப்புதல் அளித்தது. விதையின் விலை வழக்கமான கலப்பின விதையைப்போல் மூன்று நான்கு மடங்கு இருந்தது. 450 கிராம் கொண்ட பை ஒன்று ஏறத்தாழ 1,600 ரூபாய்க்கு விற்றது. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பர். ஆனால் உழவன் கணக்குப் பாராதவன் அல்லன். விதைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தையும் மருந்தில் மிஞ்சும் பணத்தையும் எதிரெதிரே வைத்து அவன் பார்த்தான். பக்கத்து வயலில் எத்தனை முறை மருந்து தெளித்தார்கள், எத்தனை மூட்டை பருத்தி எடுத்தார்கள் என்பதையும் பார்த்தான். 2004 ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஆத்தூரைச் சார்ந்த விதை நிறுவனத்தின் கலப்பினமும் ஒப்புதல் பெற்றது. 2006 ஆம் ஆண்டு ஆந்திர அரசு தலையிட்டதன் விளைவாகப் பையின் விலை 750 ரூபாயாக இறங்கிற்று. அவ்வாண்டிலேயே ஒன்றுக்கு இரண்டாக இரு மரபணுக்களைத் தாங்கிய விதையும் வந்தது. பத்தாண்டு கழிவதற்குள் இந்நாட்டுப் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு இவ்விதைக்கு மாறிவிட்டது. யாரும் வற்புறுத்தாமல், பரப்புரையினும் மேலாகப் பக்கத்து வயலைக் கண்டே, இத்துணை விரைவில் உழவர் ஒரு விதைக்கு மாறியது அரிதினும் அரிது.

விளைச்சலும் உயர்ந்தது. 2002 ஆம் ஆண்டளவில் எக்டேருக்கு ஏறத்தாழ 300 கிலோவாக இருந்த பஞ்சு, ஐந்தாறு ஆண்டுகளில் 500 கிலோவைக் கடந்தது. இவ்வுயர்வு முழுவதும் அந்த ஒரு மரபணுவால் வந்ததன்று. குசராத்தில் தடுப்பணைகள் பெருகியதும், உரம் மிகுதியாக இடப்பட்டதும், சாற்றை உறிஞ்சும் பூச்சிகளுக்குப் புதிய மருந்துகள் வந்ததும் அக்காலத்திலேயே நிகழ்ந்தன. விதையைப் புகழ்வோர் இவற்றை மறந்துவிடுவர். இகழ்வோரோ புழு மருந்து குறைந்து உழவன் சில ஆண்டுகள் மூச்சு விட்டதை மறந்துவிடுவர்.

இனி, விதையைத் தெரிந்தெடுப்பதில் உழவர் காட்டிய திறத்தையும் தடுமாற்றத்தையும் நோக்குவோம். உலகில் முதன்முதலாக வாணிக முறையில் பயிரான கலப்பினப் பருத்தி 1970 ஆம் ஆண்டு குசராத்தில் சூரத்து நகரத்து ஆராய்ச்சிப் பண்ணையில் சி. டி. படேல் என்பாரால் உருவாக்கப்பட்டது. கலப்பின விதை ஆக்குவது கைத்தொழில் போன்றது. மாலையில் பூ மொட்டின் ஆண் உறுப்புக்களை நகத்தால் நீக்க வேண்டும். மறுநாட் காலையில் வேறு செடியின் மகரந்தத்தை அதன்மேல் தடவ வேண்டும். முப்பது ஆண்டுகளாக இத்தொழிலில் பழகிய குசராத்து உழவர், தடை செய்யப்பட்ட அந்த விதையைத் தம் ஊர்ப் பருத்தியோடு தாமே கலந்து புதிய விதைகளை ஆக்கினர். பெயரற்ற பைகளில் அவை கைமாறின. சட்டத்தின் கண்ணுக்கு அது குற்றம். கைத்திறம் என்ற அளவிலோ வியப்புக்குரியது.

தெலுங்கு நாட்டு வாரங்கல் மாவட்டத்தில் நிகழ்ந்தது வேறு. அங்கே பல்லாண்டுகள் உழவரோடு பழகி ஆராய்ந்தவர் கிளென் ஸ்டோன் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர். ஓராண்டு ஊர் முழுவதும் ஒரு பெயருடைய விதையை வாங்கும். அடுத்த ஆண்டு அதனை அறவே கைவிட்டு வேறொரு பெயரைத் தேடி ஓடும். முதலாண்டு விதை தீயதென்று கண்டு விட்டதுமன்று. இரண்டாம் ஆண்டு விதை நல்லதென்று சோதித்து ஏற்றதுமன்று. கடையில் குவிந்து கிடந்த பெயர்கள் பலவாயின. ஆண்டுதோறும் அவை மாறின. ஒரு விதையை மண்ணிலிட்டு, மழையோடும் வெயிலோடும் வைத்துப் பார்த்து, அதன் இயல்பை அறிவதற்குள் அவ்விதையே கடையிலிருந்து மறைந்துவிடும். ஆகவே அயலான் வாங்கியதைத் தானும் வாங்குவதே வழியாயிற்று. கலப்பின விதையின் மகசூலிலிருந்து விதை எடுத்து விதைத்தால் செடிகள் ஒரு சீராக வாரா. பாட்டன் சேமித்த விதையைப் பேரன் விதைத்த காலம் போய், ஆண்டுதோறும் விதைக் கடைக்காரனிடம் செல்ல வேண்டிய காலம் வந்தது. அக்கடைக்காரனே பல ஊர்களில் கடன் கொடுப்பவனும், அறிவுரை கூறுபவனும் ஆனான்.

இவ்வரலாற்றின் உயிர்நிலை ஒரு சிறு பொட்டலத்தில் இருக்கிறது. 450 கிராம் பி.டி. விதைப் பையோடு 120 கிராம் எடையுள்ள மற்றொரு பொட்டலம் வழங்கப்பட்டது. அதில் இருந்தது நஞ்சில்லாத பருத்தி விதை. அதனை வயலைச் சுற்றி ஐந்து வரிசையாகவோ, நிலத்தில் ஐந்தில் ஒரு பங்காகவோ நடவேண்டும் என்பது விதி. அவ்வரிசைகளுக்குப் 'புகலிடம்' என்று பெயர். புகலிடம் யாருக்கு? புழுவுக்கு. புழுவைக் கொல்ல விலை கொடுத்து வாங்கிய விதையோடு, புழுவை வளர்க்கவும் விதை கொடுத்தார்கள் என்றால், உழவன் நகைப்பதில் வியப்பில்லை.

எனினும் அதன் காரணம் நுட்பமானது. கோடிக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டு நஞ்சைத் தாங்கும் இயல்போடு பிறக்கும். எங்கும் நஞ்சுச் செடியே நின்றால் ஏனையவெல்லாம் மடிய, அந்த ஒன்றிரண்டே எஞ்சும். அவை அந்துப்பூச்சிகளாகித் தம்முள் கூடினால், பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் நஞ்சைத் தாங்குவனவாகவே இருக்கும். பக்கத்தில் நஞ்சில்லாச் செடிகள் சில இருப்பின், அவற்றில் இயல்பான புழுக்கள் ஆயிரக்கணக்கில் வளர்ந்து அந்துப்பூச்சிகளாகும். தாங்கும் பூச்சி ஒன்று தோன்றினால் அது இவ்வாயிரத்தில் ஒன்றோடுதான் கூட நேரும். அக்கலப்பில் பிறந்த புழு நஞ்சைத் தாங்க மாட்டாது. செடியைக் கடித்ததும் மடியும். ஐந்து வரிசையைப் புழுவுக்கு விட்டுக் கொடுத்தால் ஐம்பது வரிசை பல்லாண்டு பிழைக்கும் என்பதே கருத்து.

உழவருள் மிகப் பெரும்பாலோர் அப்பொட்டலத்தை விதைக்கவில்லை. சிலர் வரப்பில் எறிந்தனர். சிலர் பிரிக்காமலே விட்டனர். அவர்களை அறியாதார் என்று தள்ளிவிடுதல் எளிது. அவர்கள் நிலையில் நின்று பார்த்தால் வேறு தோன்றும். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தில், வரிசைக்கு வரிசை 3 அடி இடைவிட்டு நாற்புறமும் ஐந்து வரிசை நட்டால், நிலத்தில் கால் பங்குக்கு மேல் அதற்கே சென்றுவிடும். இருநூறு ஏக்கர் உடையவனுக்கு அது ஓர் ஓரம். இரண்டு ஏக்கர் உடையவனுக்கு அது மகளின் பள்ளிச் செலவு. பொட்டலத்தில் இருந்த விதையும் பல வேளைகளில் தாழ்ந்த தரத்ததாகவே இருந்தது. முளைப்பதும் பூப்பதும் முதற் செடியோடு ஒத்து வருவதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அவன் ஒருவன் நட்டு அயலான் நடாவிட்டால் அவன் இழப்பு அவனுக்கே, பயன் ஊருக்கு. உழவன் ஒரு பருவத்துக்கு, ஒரு வயலுக்குக் கணக்குப் பார்த்தான். புழுவுக்கோ வரப்பும் இல்லை, பட்டாவும் இல்லை. பின்னர் இதனை உணர்ந்த அரசு, நஞ்சில்லா விதையைச் சிறு அளவில் பையினுள்ளேயே கலந்து விற்கச் செய்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பச்சைக் காய்ப்புழு, கடலை, துவரை, தக்காளி எனக் கண்டதையெல்லாம் உண்ணும். அதனால் அதற்குப் புகலிடத்தை யாரும் நட வேண்டியதில்லை, நாடே புகலிடம். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ பருத்தியையும் அதன் இனமான வெண்டை போன்ற சிலவற்றையும் தவிர வேறொன்றையும் பெரிதும் நாடாது. புகலிட வரிசை இன்றியமையாததாக இருந்தது இப்புழுவுக்கே. 2010 ஆம் ஆண்டு, இப்புழு முதல் மரபணுவின் நஞ்சைத் தாங்குவதாகக் குசராத்தில் கண்டறியப்பட்டது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் இரு மரபணு விதையையும் அது வென்றது. முதலில் எந்த மாநிலம் இவ்விதையைக் கொண்டாடியதோ அந்த மாநிலத்திலேயே அது முதலில் தோற்றது. புழு பிடித்த பூவின் இதழ்கள் விரியாமல் குவிந்து பின்னிக் கிடக்கும். காயினுள் நுழைந்த துளை மூடிக்கொள்ளும். வெளியே காய் நலமாகவே தோன்றும். பறிக்கும் நாளில்தான் உள்ளே கறைபட்ட பஞ்சும் அரிபட்ட விதையும் தெரியும்.

புகலிடம் இன்மை ஒன்றே காரணமன்று. பிற நாடுகளில் பருத்தி ஐந்து திங்களில் முடிந்துவிடும். இங்கே கலப்பினச் செடிகள் ஆறு திங்களுக்கு மேல் நிற்பன. நீர் உள்ளவர் இன்னும் இரண்டு பறிப்புக் கிடைக்கும் என்று தைக்குப் பின்னும் செடியை வைத்துக்கொள்வர். ஒவ்வொரு திங்களும் புழுவுக்கு ஒரு தலைமுறை. மேலும் கலப்பினச் செடியின் காயில் உள்ள விதைகளுள் நான்கில் ஒன்று ஒரு மரபணுவின் நஞ்சின்றியே அமையும். இளம் புழுக்கள் ஒரே காயினுள் நஞ்சுள்ளதையும் இல்லாததையும் மாறி மாறித் தின்று பழகின. இதனினும் நல்ல பயிற்சிக்கூடம் புழுவுக்கு வேண்டுமோ?

நஞ்சு பயன்படாமற் போகவே, மருந்துக் கைவிசை மறுபடியும் உழவர் தோளில் ஏறியது. 2017 ஆம் ஆண்டு மகாராட்டிரத்தில் யவத்மால் மாவட்டத்தில், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்களில், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகளிடையே நின்று பலவகை மருந்துகளைக் கலந்து தெளித்தனர். முகத்துக்கு மறைப்பில்லை, கைக்கு உறையில்லை. தெளித்த மருந்து தெளித்தவர் மீதே விழுந்தது. உழவரும் கூலியாட்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் அந்நஞ்சினால் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தனர். மருந்தைக் குறைக்க வந்த விதை நின்ற வயலிலேயே இது நிகழ்ந்தது.

இவ்வளவு நேர்ந்தும் உழவர் அனைவரும் புதிய விதையை வெறுத்தாரல்லர். 2019 ஆம் ஆண்டு சூன் திங்களில், அதே மாநிலத்தின் அகோலா மாவட்டத்தில், களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவையுடைய, ஒப்புதல் பெறாத பருத்தி விதையை உழவர் பலர் கூடி வெளிப்படையாக விதைத்தனர். அப்போதைய சட்டப்படி அதற்கு ஐந்தாண்டுச் சிறை உண்டு என்பதை அறிந்தே விதைத்தனர். களை பறிக்கும் கூலி தாங்க முடியவில்லை, எந்த விதை வேண்டும் என்பதை உழவனே முடிவு செய்யட்டும் என்பது அவர்தம் வழக்கு. அந்த விதையைத் தடுத்தது, மண்ணையும் அடுத்த வயலையும் எண்ணிய அரசின் வழக்கு. இரண்டிலும் உண்மையுண்டு. ஆனால் களைக்கொல்லிக்கும் களை பழகும் என்பதைக் காய்ப்புழுவின் கதை அறிந்தவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிற நாடுகளில் இதே புழு என்ன ஆயிற்று? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உழவர் புகலிட வரிசைகளை ஒழுங்காக நட்டனர். 2006 முதல் மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் வானூர்தியிலிருந்து விட்டனர். 2018 ஆம் ஆண்டு அந்நாட்டுப் பருத்தி நிலத்தில் இளஞ்சிவப்புப் புழு ஒழிந்தது என்று அரசு அறிவித்தது. சீனத்து யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்ததோ எவரும் திட்டமிடாதது. அங்கே பி.டி. பருத்தியையும் வேறு பருத்தியையும் கலந்து பெற்ற விதையின் இரண்டாம் தலைமுறையை மலிவு கருதி விதைத்தனர். அச்செடிகளுள் கால் பங்கு இயல்பாகவே நஞ்சின்றி வளர்ந்தன. அவை வயலெங்கும் விரவிய புகலிடங்களாக, தலைதூக்கத் தொடங்கியிருந்த தாங்கும் புழுக்கள் மீண்டும் குறைந்தன. சட்டத்தால் இங்கே நடக்காததைச் சிக்கனம் அங்கே நடத்திவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இப்புழு புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1919 ஆம் ஆண்டிலேயே பயிர்ப்பூச்சி நோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் எல்லோரும் பிடுங்கி அகற்ற வேண்டும் என்னும் ஏற்பாடு அதன்வழி வந்தது. ஓர் ஊரில் ஒருவர் விட்டுவைத்தாலும் ஊர் முழுவதற்கும் கேடு என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். இன்றும் வேளாண்மைத் துறையினர் பெரம்பலூர் போன்ற கரிசல் நிலத்து உழவருக்கு வேண்டுவது அதுவே. கடைசிப் பறிப்பு முடிந்ததும் ஆட்டைக் கிடைவிட்டு வெடிக்காத காய்களை மேயச் செய்ய வேண்டும். பருத்தி மாரைப் பிடுங்கி வயலினின்று அகற்ற வேண்டும். உழுது காயவிட வேண்டும்.

ஆனால் பருத்தி மார் நல்ல விறகு. ஆகவே அது வீட்டுப் புறத்திலும் வேலியோரத்திலும் போராகக் குவிந்து கிடக்கிறது. அதில் ஒட்டியுள்ள வெடிக்காத காயின் இரண்டு விதைகளை ஒன்றாகப் பின்னி, அவற்றினுள் சுருண்டு, இளஞ்சிவப்புப் புழு கோடை முழுவதும் உறங்குகிறது. மழை விழுந்து ஈரம் எட்டியதும் அது அந்துப்பூச்சியாக வெளியே வரும். அப்பொழுது சுற்றிலும் பருத்திச் செடி இல்லையெனில், முட்டையிட இடமின்றிச் சில நாட்களில் மடிந்துவிடும். முந்திக்கொண்டு விதைத்த வயல் ஒன்றோ, பிடுங்காமல் விட்டு மறுபடி தளிர்த்த செடி நான்கோ அருகில் இருந்தால், அங்கே சென்று மொட்டில் முட்டையிடும்.